புள்ளி என்பது யாது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், "உங்கள் கோயிலுக்கு மொத்தம் எத்தனை புள்ளி?" என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்பதுண்டு. வெளியூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இதைக் கேட்டால், கோயில் வாசலில் போடும் கோலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நினைத்துக்கொள்வான். பதிலும் ஓர் எண்ணாகவே வரும். ஆகையால் அவனுக்கு ஐயம் எழ வழியில்லை. ஆனால் அவர்கள் பேசுவது கோலத்தைப் பற்றி அன்று, குடும்பங்களைப் பற்றி.

அதே மாணவன் பள்ளிக்குப் போகிறான். கணித வகுப்பில், புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை என்கிறார் ஆசிரியர். தமிழ் வகுப்பில், மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்க மறந்ததற்காகத் திட்டு விழுகிறது. இயற்பியல் வகுப்பில் பூமியையே ஒரு புள்ளியாகக் கொள்ளச் சொல்கிறார்கள். மாலையில் செய்தித்தாளைப் பிரித்தால், "முக்கியப் புள்ளி கைது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கபடி ஆட்டத்தில் புள்ளி, மானின் மேலே புள்ளி, வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி.

ஒரே சொல் இத்தனை வேலை செய்வது பேச்சுக்கு வசதிதான். ஆனால் அறிவியல் பயிலும்போது கால் வழுக்குகின்ற இடமும் இதுவே. இச்சொல்லை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் அது என்ன சொல்கிறது என்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

குடும்பம் ஒரு புள்ளி

செட்டிநாட்டு நகரத்தார்க்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. மணமான ஓர் ஆண், அவர் மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு புள்ளி. மகனுக்குத் திருமணம் ஆனதும் அவன் தந்தையின் புள்ளியிலிருந்து பிரிந்து தனிப் புள்ளி ஆகிவிடுகிறான். புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதே புள்ளி வரி. தமிழ்நாட்டின் தென்பகுதி ஊர்களில் திருவிழாவுக்குத் 'தலைக்கட்டு' வரி வாங்குகிறார்களே, ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். கணவனையோ மனைவியையோ இழந்தவரை அரைப்புள்ளி என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. வடிவியலில் இது நடவாத காரியம்! யூக்ளிடின் புள்ளிக்குப் பகுதியே கிடையாது. அதை அரையாக்குவது எப்படி? ஆனால் எண்ணுவதற்கு எடுத்துக்கொண்ட அலகாயின் தாராளமாக அரையாக்கலாம்.

இங்கே ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. செட்டிநாட்டின் பெரிய வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தை; மணமான மூன்று மகன்கள். திருமணமானவர்களை 'வேறு வைப்பது' இப்பகுதி வழக்கம். வீட்டை விட்டு வெளியே அனுப்புவதன்று இது. ஒரே கூரையின்கீழ் தனி அடுப்பு, தனிச் செலவு. இப்போது மூத்த மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறார் என்று கொள்வோம். இவ்வீட்டில் எத்தனை குடும்பம்?

வீட்டு எண்ணைப் பார்த்துக் கணக்கெடுப்பவர் 1 என்பார். நமது மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். அந்த முறையில் எரிகின்ற அடுப்புகளை எண்ணினால் 3. கோயில் ஏட்டைப் பார்த்தால் 4. ஏனெனில் சிங்கப்பூரிலிருக்கும் மகனும் இங்கே ஒரு புள்ளிதான். அவர் எங்கே வசிக்கிறார் என்பது இந்தக் கணக்குக்கு வேண்டாத செய்தி. அதே வீட்டில் முப்பது வயதில், நல்ல சம்பளத்தில், மணமாகாத நான்காம் மகன் ஒருவர் இருந்தால் அவர் எந்தத் தனிப் புள்ளியும் அல்லர். மணமாகிப் போன மகள், கணவருடைய கோயிலில் அவருடைய புள்ளிக்குள் அடங்கிவிடுகிறாள்.

ஒன்று, மூன்று, நான்கு ஆகிய மூன்று விடைகளுமே சரியானவை. எதை 'ஒன்று' என்று கொண்டோம் என்பதில்தான் வேறுபாடு. "இம்மாவட்டத்தில் குடும்பச் சராசரி வருமானம் இவ்வளவு" என்று புள்ளிவிவரம் படிக்கும்போதெல்லாம் இந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த வருமானம் மாறாமல் இருந்தும், வகுக்கும் எண் மாறினால் சராசரி தலைகீழாகிவிடும். யாரை ஒரு புள்ளியாகக் கொண்டார்கள், யார் கணக்கிலேயே வராமல் போனார்கள் என்ற கேள்வியைப் புள்ளியியல் மாணவன் முதலில் கேட்க வேண்டும். கூட்டலும் வகுத்தலும் பிறகு.

எரியா, ஏரியா?

எழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு வருவோம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. இன்றைய மாணவர்க்கு அதிகம் தெரியாத செய்தி ஒன்றும் அங்கே உண்டு: எகர ஒகரக் குறில்களும் அக்காலத்தில் புள்ளி பெற்றன. புள்ளியோடு எழுதினால் 'எ'. புள்ளியில்லாமல் எழுதினால் அதுவே 'ஏ'. இன்று நாம் எழுதும் வேறுபட்ட வடிவங்கள், 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பர்.

விதி இருந்ததே தவிர, ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். காய்ந்த ஓலையில் எழுத்தாணியின் கூர்முனையை அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். விளைவு என்ன? 'பல' என்று இருந்தால் அது பலவா, பல்லா என்று இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். 'ஊருக்கு மேற்கே எரி' என்று ஓலையில் இருந்தால், அங்கே இருப்பது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா? உ.வே.சாமிநாதையர் போன்றோர் ஏடுகளைப் பதிப்பிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். செய்தி அறிவியலார் இன்று 'ஒரு பிட்' என்று சொல்கிறார்களே, அந்த மிகச் சிறிய அளவுச் செய்தி இதுதான்: புள்ளி உண்டு, அல்லது இல்லை.

பூமி எப்போது புள்ளியாகும்?

'பூமியை ஒரு புள்ளி நிறையாகக் கொள்க' என்று பாடநூலில் படித்ததும் பல மாணவர்கள் மனத்துக்குள் சிரிக்கிறார்கள். 12,742 கி.மீ. விட்டமுள்ள பூமி புள்ளியா? சிரிப்பது நியாயமே; ஆனால் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தூரம் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. இந்தத் தூரத்தைச் சுருக்கி 10 மீட்டர் ஆக்குவோம். அப்போது சூரியன் 9 செ.மீ. குறுக்களவுள்ள, ஒரு பெரிய சாத்துக்குடி அளவு உருண்டை. பூமி? ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு ரவைத் துணுக்கு. பத்து மீட்டருக்கு அப்பால் கிடக்கும் ரவைத் துணுக்கின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பது அதன் சுற்றுப்பாதைக் கணக்குக்குத் தேவையில்லை. ஆகவே அது புள்ளி. ஆனால் காரைக்குடியில் சூரியன் எப்போது உதிக்கும், கொல்கத்தாவில் எப்போது உதிக்கும் என்று கேட்ட அந்தக் கணமே பூமி புள்ளியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அது உருண்டை ஆகிறது. அதற்கு அச்சு முளைக்கிறது, தீர்க்கரேகைகள் முளைக்கின்றன. மாறியது பூமி அன்று. நாம் கேட்ட கேள்வி. எனவே இயற்பியலில் புள்ளி என்பது ஒரு பொருளின் பெயர் அன்று, கேள்வியைச் சார்ந்த ஒரு முடிவு என்பதே சரி.

இதில் ஓர் அதிசயமும் உண்டு. மரத்திலிருந்து விழும் ஆப்பிளுக்குப் பூமி மிக அருகில் இருக்கிறது, சிறியதாகவும் இல்லை. அங்கே பூமியைப் புள்ளியாகக் கொள்ள நமக்கு உரிமையே இல்லை என்று தோன்றும். ஆனால் சீரான கோளம் ஒன்று, வெளியே உள்ள பொருளை, தன் நிறை முழுவதும் மையத்தில் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் எப்படி ஈர்க்குமோ அப்படியே ஈர்க்கும் என்று நியூட்டன் நிறுவினார். 1687-இல் வெளிவந்த அவருடைய 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் அந்த நிறுவல் இருக்கிறது. ஆகவே ஆப்பிளைப் பொறுத்தவரை பூமி, 6,371 கி.மீ. ஆழத்திலிருக்கும் ஒரு புள்ளி. இங்கே புள்ளி என்பது தோராயம் கூட அன்று, துல்லியமான விடை.

சிறியவற்றின் பக்கம் போனால், எலெக்ட்ரான் உண்மையாகவே புள்ளிதானா என்ற கேள்வி எழும். புரோட்டானின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நுணுகிப் பார்த்தும், எலெக்ட்ரானுக்கு ஓர் உள்ளளவு இருப்பதாக இதுவரை தெரியவில்லை.

டேனிஷ்காரரின் புள்ளி

பிறமொழியினர் இச்சொல்லை எப்படிக் கையாள்கின்றனர் என்று பார்ப்பது பயனுடையது. ஆங்கிலத்தில் 'பாயிண்ட்' என்ற ஒரே சொல் வடிவியல் புள்ளி, ஊசியின் முனை, ஆட்டத்தில் பெறும் எண், பேச்சின் கருத்து, கொதிக்கும் வெப்பநிலை அத்தனையையும் சுமக்கிறது. ஆனால் மானின் புள்ளிக்கும் சூரியனின் புள்ளிக்கும் 'ஸ்பாட்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். எழுத்தின் மேலுள்ளதோ 'டாட்'. டென்மார்க்கின் டேனிஷ் மொழியில் பங்கீடு இன்னும் நுட்பமானது. வடிவியல் புள்ளி 'புங்க்ட்', முற்றுப்புள்ளி 'புங்க்டும்', சிறு பொட்டு 'ப்ரிக்', கறை போன்ற புள்ளி 'ப்ளெட்', கூர்முனை 'ஸ்பிட்ஸ்'. 'புங்க்ட்', 'பாயிண்ட்' இரண்டுக்கும் மூலம் குத்துதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல். நாமும் கரும்புள்ளி செம்புள்ளி 'குத்தி'த்தானே ஊர்வலம் விடுகிறோம்!

வேடிக்கை என்னவென்றால், கொதிக்கும் வெப்பநிலையை ஆங்கிலேயரும் டேனிஷ்காரரும் 'கொதிபுள்ளி' என்றே அழைக்கிறார்கள். வெப்பமானியின் கோலில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று குறித்து, இடையிலுள்ளதைப் பாகைகளாகப் பிரித்த பழக்கம் இதற்குப் பொருந்துகிறது. அவ்வாறு நிலையான புள்ளிகளை வைத்து வெப்பமானி அமைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஓலே ரோமர் என்ற டேனிஷ் வானியலார். 1676-இல் வியாழனின் துணைக்கோளான ஐயோவின் கிரகணங்கள் தாமதமாவதைக் கொண்டு, ஒளி பரவ நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கண்டவரும் இவரே. இவருடைய அளவில் நீர் உறைவது 7.5 பாகை, கொதிப்பது 60 பாகை. 1708-இல் பாரன்ஹீட் இவரைச் சந்தித்த பின்னரே தம் அளவுமுறையை வகுத்தார்.

நாம் தமிழில் 'கொதிபுள்ளி' என்னாமல் 'கொதிநிலை' என்கிறோம். நம் சொல்லே மேல் என்பது என் கட்சி. காரணம் இதுதான்: நீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பது கடல்மட்டத்தின் காற்றழுத்தத்தில் மட்டுமே. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் அது 93 பாகையிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் 120 பாகை வரை போகும். அழுத்தத்தை ஓர் அச்சிலும் வெப்பநிலையை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் வரைந்தால், கொதித்தல் அங்கே ஒரு வளைகோடு. அதைப் புள்ளி என்பது எங்ஙனம்?

ஆனால் அதே வரைபடத்தில் மெய்யான புள்ளிகள் இரண்டு இருக்கின்றன. பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒன்றையொன்று மாற்றாமல் சமநிலையில் கூடியிருக்கும் இடம் ஒன்று. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 166-இல் ஒரு பங்கு, வெப்பநிலை 0.01 பாகை செல்சியஸ். இரண்டில் எதைச் சற்று அசைத்தாலும் மூன்றில் ஒன்றாவது மறைந்துவிடும். ஆகவே இதை 'மும்மைப் புள்ளி' என்பது முழுக்கப் பொருத்தம். 1954 முதல் 2019 மே மாதம் வரை கெல்வின் என்ற அலகே இப்புள்ளியை 273.16 என்று வைத்து வரையறுக்கப்பட்டது. இப்போது போல்ட்ஸ்மன் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். மற்றொன்று மாறுநிலைப் புள்ளி: 374 பாகை செல்சியஸ், வளிமண்டல அழுத்தத்தைப் போல 218 மடங்கு. கொதித்தல் என்ற வளைகோடு அங்கே முடிந்துபோகிறது. அதற்கப்பால் நீர், நீராவி என்ற பாகுபாடே இல்லை.

பெரும்புள்ளி

ஊரில் செல்வாக்குள்ளவரைப் 'பெரும்புள்ளி' என்கிறோம். அளவே இல்லாத ஒன்றில் பெரியது எது, சிறியது எது என்று வடிவியல் ஆசிரியர் கேட்கக்கூடும்! வானியலாரிடம் அதற்கு விடை உண்டு. சூரியப் புள்ளிகளுள் பெரியவை பூமியை அப்படியே உள்ளே போட்டுவிடலாம் என்ற அளவுக்கு அகன்றவை. அவை கறுப்பாகத் தெரிவது ஒளியில்லாததால் அன்று. சூரியப் பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வினில் இருக்க, புள்ளியின் நடுப்பகுதி 4,000 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்திருப்பதால், சுற்றுப்புறத்தோடு ஒப்பிட மங்கித் தோன்றுகிறது. வலிய காந்தப்புலம் உள்ளிருந்து வரும் வெப்பத்தை அங்கே தடுத்து வைத்திருக்கிறது. இப்புள்ளிகளில் வாயு ஆரத்தின் திசையில் வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். கண்டறிந்த இடம் நம் கொடைக்கானல் வான் ஆய்வகம். (சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியாலோ நேரே பார்த்துவிடாதீர்கள்.)

சிறு புள்ளியும் பெருந்தீங்கு செய்யும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் உப்பைப் போட்டு அப்படியே விட்டுவைத்தால், அடியில் ஊசிமுனை அளவில் குழிகள் விழுவதைச் சமையலறையில் காணலாம். எஃகைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம். உப்பிலுள்ள குளோரைடு அயனி அப்படலத்தின் நலிந்த இடம் ஒன்றில் உடைத்துக்கொண்டு நுழைகிறது. அச்சிறு இடம் நேர்மின்வாய். சுற்றியுள்ள பெரும்பரப்பு முழுவதும் எதிர்மின்வாய். பெரும்பரப்பின் மின்னோட்டம் அத்தனையும் ஒரு புள்ளியைக் குடைவதால் அரிப்பு அகலமாகப் பரவாமல் ஆழமாக இறங்குகிறது. மேலே பார்த்தால் ஒரு பொட்டு, உள்ளே ஓட்டை. பாலங்களும் கொதிகலன்களும் இவ்வாறு பழுதாவதால், காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் முதலியவை அரிமானத்தை ஒரு தனித்துறையாகவே ஆராய்கின்றன.

கோலம்

கோலப் புள்ளியை விட்டுவிட்டால் நம் வீட்டார் மன்னிக்கமாட்டார்கள். நேர்ப்புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த புள்ளி. இடைப்புள்ளிக் கோலத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. ஏழு புள்ளியில் தொடங்கி இருபுறமும் நான்கில் முடியும் இடைப்புள்ளிக் கோலத்துக்கு 37 புள்ளிகள் வேண்டும். 15-இல் தொடங்கி 8-இல் முடிவதற்கு 169. எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே அளவு நாணயங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அடுக்கினால், நேர்ப்புள்ளி முறையில் தரையில் 78.5 விழுக்காடு மறையும்; இடைப்புள்ளி முறையில் 90.7 விழுக்காடு. படிகங்களில் அணுக்கள் நெருங்கி அடைவதும் இதே கணக்குத்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970-களில் கோலங்களைக் கணிப்பொறி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள்.

தசமப் புள்ளி

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசா ஆயிற்று. அதுவரை அணாவிலும், கால், அரை, மாகாணி, முந்திரி என்ற பின்னங்களிலும் கணக்கெழுதி வந்தவர்களுக்குத் தசமப் புள்ளி தேவைப்படவில்லை. இன்று அது இல்லாமல் காய்கறிகூட வாங்க முடியாது. இடம் தவறினால் பத்து மடங்கு பிழை என்பதுதான் இதன் குணம். கடையில் அது பணத்தோடு போகும். மருந்துச் சீட்டில் அவ்வாறன்று. '.5 மி.கி.' என்று எழுதினால், புள்ளி மங்கிப்போய் 5 மி.கி. என்று படிக்கப்படலாம். '5.0' என்று எழுதினால் 50 ஆகலாம். ஆகையால் ஒன்றுக்குக் குறைந்த எண்ணுக்கு முன்னே சுழியம் கட்டாயம் இடவேண்டும், முழு எண்ணுக்குப் பின்னே புள்ளியும் சுழியமும் இடவே கூடாது என்று மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் கற்பிக்கிறார்கள். சோதனைக்கூடக் குறிப்பேட்டில் முன்சுழியத்தை விட்டுவிடும் மாணவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

டென்மார்க்கிலோ தசமத்துக்குப் புள்ளியே கிடையாது, காற்புள்ளிதான். அங்கே 3,14 என்று எழுதியிருந்தால் அது நம் 3.14. ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் புள்ளி வைக்கிறார்கள்! எனவே 1.500 என்பது அங்கே ஆயிரத்து ஐந்நூறு, இங்கே ஒன்றரை. எடைகள் அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 2003-இல் இதை எடுத்து ஆராய்ந்து, புள்ளி, காற்புள்ளி இரண்டில் எதையும் தசமக் குறியாகக் கொள்ளலாம் என்றது. அத்துடன், இலக்கங்களைத் தொகுதிகளாகப் பிரிக்க இரண்டையும் பயன்படுத்தாமல் வெற்றிடம் மட்டும் விடுக என்றும் முடிவு செய்தது.

செய்து பாருங்கள்

இரண்டு புள்ளிகள் எப்போது ஒரு புள்ளி ஆகும்? வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிறு புள்ளிகள் வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னோக்கி நடந்து செல்லுங்கள். ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். நல்ல கண்ணுக்குப் பிரித்தறியும் கோணம் பாகையில் 60-இல் ஒரு பங்கு; அக்கணக்குப்படி அத்தூரம் ஏறத்தாழ 7 மீட்டர் வரவேண்டும். வகுப்பில் ஒவ்வொருவருக்கும், இரு கண்களுக்கும் தனித்தனியே, கிடைக்கும் தூரத்தை அளந்து அட்டவணையிடுங்கள். யாருக்காவது 3, 4 மீட்டரிலேயே புள்ளிகள் ஒன்றாகிவிட்டால் அவரைக் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அவருக்குக் கரும்பலகையில் எழுதிய 'பல்', இத்தனை நாளும் 'பல' என்றே தெரிந்துகொண்டிருக்கலாம்.